பீற்றாத் தடுப்பிகளும் மலையேற்றமும்

தோற்றுவாய்

நாடி பார்த்து நோய் அறிதல் முன்னோர் கண்ட முறை. சித்த வைத்தியர் மணிக்கட்டிலே மூன்று விரல்களை வைத்து வாதம், பித்தம், கபம் என்பவற்றின் நிலையை உணர்வர். மேனாட்டு முறையிற் பயின்ற வைத்தியரும் நோயாளியைக் கண்டவுடன் முதலிற் பற்றுவது அவர்தம் மணிக்கட்டையே. ஓடி வந்தவனின் நாடி விரைவதும், உறங்குபவனின் நாடி தணிவதும் சிறுவரும் அறிந்த செய்திகள். ஆதலின், உடல் எத்துணை உழைக்கின்றது என்பதை நாடியே கூறிவிடும் என்பது பொதுக் கருத்தாயிற்று.

ஆயின், இக்கருத்துப் பிழைபடும் ஓரிடம் உண்டு. 'பீற்றாத் தடுப்பிகள்' என்னும் மருந்துகளை உட்கொள்வாரிடத்தில் உடல் களைத்த பின்னரும் நாடி பெரிதும் விரைவதில்லை. உயர் குருதியமுக்கம், நெஞ்சுநோ, மாரடைப்பு, இருதயத் தளர்ச்சி, ஒழுங்கற்ற இருதயத் துடிப்பு ஆகியவற்றுக்கும், ஒற்றைத் தலைவலி, கைந்நடுக்கம், கேடயச் சுரப்பியின் மிகைத் தொழிற்பாடு ஆகியவற்றுக்கும் இம்மருந்துகள் வழங்கப்படுகின்றன. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் இவற்றை நாள்தோறும் உட்கொள்ளுகின்றனர்.

கண்டி மாநகர் வாழ்வார்க்கு இச்செய்தி தனி முக்கியத்துவம் உடையது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்திலே இந்நகர் அமைந்துள்ளது. ஒருபுறம் ஹந்தானை, மறுபுறம் உடவத்தகலைக் காடு, நகரை வளைத்தோடுவது மகாவலி கங்கை. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைப்பித்த ஏரியைச் சுற்றியுள்ள பாதையை விட்டாற் சமதரை அரிது. கடைத்தெருவிலிருந்து வீடு திரும்புதற்கும், கோயிலுக்குச் செல்லுதற்கும், பாடசாலைக்குப் போதற்கும் படியோ ஏற்றமோ ஏறியே ஆகவேண்டும். சூழவுள்ள தேயிலைத் தோட்டங்களிற் கொழுந்து பறிப்போர், கூடையுஞ் சுமந்து சரிவுகளிலே நாள் முழுதும் ஏறி இறங்குகின்றனர்.

இத்தகைய ஊரில், "குளிசை தொடங்கிய நாள் முதல் ஏற்றத்தில் கால் எழவில்லை, மூச்சு முட்டுகின்றது" என்று முறையிடுவோர் உளர். அவருட் சிலர் குளிசையைத் தாமாகவே நிறுத்தியும் விடுகின்றனர். அவ்வாறு நிறுத்துதல் உயிருக்கே ஊறு விளைக்கவல்லது. எனவே, இம்மருந்து உழைப்பாற்றலைக் குறைப்பது மெய்தானா, மெய்யாயின் எவ்வளவு குறைக்கின்றது, எல்லார்க்கும் குறைக்கின்றதா என்னும் மூன்று வினாக்களும் ஆராயத்தக்கன.

மருந்து பிறந்த வரலாறு

அச்சமோ, சினமோ, கடும் உழைப்போ நேரும்போது பரிவு நரம்புகளும் சிறுநீரகத்தின் மேலமைந்த சுரப்பிகளும் அதிரினலின் முதலிய பொருள்களைச் சுரக்கின்றன. அவற்றின் ஏவலால் இருதயம் விரைந்தும் வலிந்தும் துடிக்கின்றது. ஒரே பொருள் ஓரிடத்திற் குருதிக் குழாய்களைச் சுருக்குவதும், மற்றோரிடத்தில் விரிப்பதும் எவ்வாறு என்பது நெடுங்காலம் விளங்காதிருந்தது. 1948இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் றேமண்ட் ஆல்குவிஸ்ற், உறுப்புகளில் அதிரினலினை ஏற்கும் வாங்கிகள் இருவகைப்படும் என்று கூறி, அவற்றுக்கு அல்பா, பீற்றா எனப் பெயரிட்டார். இருதயத்தை விரைவிப்பன பீற்றா வாங்கிகள். பூட்டுக்குத் திறவுகோல் போல வாங்கிக்கு அதிரினலின் அமைகின்றது எனக் கொள்ளலாம்.

இக்கொள்கையைச் செயற்படுத்தியவர் ஸ்கொத்லாந்து நாட்டவரான ஜேம்ஸ் பிளாக். 1924இற் பிறந்த இவர், இளமையிற் சிங்கப்பூரிலே சிலகாலம் மருத்துவ மாணவர்க்குக் கற்பித்தவர். நெஞ்சுநோ என்பது இருதயத் தசைக்கு வேண்டிய ஒட்சிசன் கிட்டாமையால் எழுவது. அக்கால மருத்துவர் ஒட்சிசன் வரவைப் பெருக்க வழி தேடினர். பிளாக் இதனை மாற்றிச் சிந்தித்தார். வரவைப் பெருக்க இயலாவிடின் செலவைச் சுருக்கலாகாதா என்பதே அவரது வினா. பூட்டினுள் முன்னரே வேறொரு பொருளைச் செலுத்திவிட்டால் அதிரினலின் அங்கே புகமாட்டாது. இருதயம் வீணே விரையாது. இவ்வழியில் முதலிற் கண்ட பொருளான புரொனெதலோல், எலிகளிற் கட்டிகளை உண்டாக்கியமையாற் கைவிடப்பட்டது. அடுத்துக் கண்ட புரொபிறனலோல் என்னும் மருந்து 1964இல் அறிவியலுலகிற்கு அறிவிக்கப்பட்டது. 1988இற் பிளாக் நோபல் பரிசு பெற்றார்.

பின்னர், பீற்றா வாங்கிகளும் இருவகைப்படும் என்பது தெரியவந்தது. இருதயத்திற் பெரும்பான்மையாக உள்ளது முதலாம் வகை. மூச்சுக் குழல்களிலும், தசைகளுக்குக் குருதி கொணரும் குழாய்களிலும், தசைகளிலும் இரண்டாம் வகை மிகுந்துள்ளது. புரொபிறனலோல் இரண்டையும் ஒருங்கே தடுப்பது. அற்றெனலோல், மெற்றொப்புறலோல், பிசொப்புறலோல் ஆகியன முதலாம் வகையையே மிகுதியாகத் தடுப்பன. இவ்வேறுபாடு உழைப்பாற்றலைப் பற்றிய ஆராய்ச்சியிற் பெரிதும் பயன்படுவதாகும்.

ஒரு சிறு கணக்கு

தசைகள் தொழிற்பட ஒட்சிசன் வேண்டும். அதனைக் கொணர்வது குருதி. அடோல்வ் பிக் என்னும் செருமானிய அறிஞர் 1870இல் வகுத்த விதியின்படி, உடல் ஒரு நிமிடத்திற் கொள்ளும் ஒட்சிசனின் அளவு மூன்று எண்களின் பெருக்கமாகும். முதலாவது, ஒரு நிமிடத்தில் இருதயம் துடிக்கும் தடவை. இரண்டாவது, ஒவ்வொரு துடிப்பிலும் அது வெளிச்செலுத்தும் குருதி. மூன்றாவது, அக்குருதியின் ஒவ்வோர் இலீற்றரிலிருந்தும் உடல் உறிஞ்சிக்கொள்ளும் ஒட்சிசன்.

60 வயதும் 60 கிலோகிராம் எடையும் உடைய ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இங்குத் தரப்படும் எண்கள் விளக்கத்தின் பொருட்டு அமைத்தவை. இவர் தம்மால் இயன்ற மட்டும் உழைக்கும்போது இருதயம் நிமிடத்துக்கு 160 தடவை துடிக்கின்றது. துடிப்பொன்றுக்கு 80 மில்லிலீற்றர் குருதி வெளிச்செல்கின்றது. இலீற்றரொன்றுக்கு 150 மில்லிலீற்றர் ஒட்சிசன் உறிஞ்சப்படுகின்றது. ஆகவே, குருதியோட்டம் 12.8 இலீற்றர்; கொள்ளும் ஒட்சிசன் 1.92 இலீற்றர். இதுவே இவரது உச்ச எல்லை.

இவர் பீற்றாத் தடுப்பி உட்கொள்ளுகின்றார் என்க. உச்சத் துடிப்பு 160இலிருந்து 120ஆகத் தாழ்கின்றது. இது நாலிலொரு பங்கு இழப்பு. எனினும், உடல் இவ்விழப்பை வாளா ஏற்பதில்லை. துடிப்புகளுக்கிடையே இடைவேளை நீளுவதால் இருதய அறைகளிற் குருதி கூடுதலாக நிரம்புகின்றது. ஆகவே, துடிப்பொன்றுக்கு 90 மில்லிலீற்றர் வெளிச்செல்லும். தசைகளும் குருதியிலிருந்து முன்னிலுஞ் சற்று மிகுதியாக, 155 மில்லிலீற்றர் வரையில், ஒட்சிசனைப் பெற்றுக்கொள்ளும். இப்பொழுது குருதியோட்டம் 10.8 இலீற்றர், ஒட்சிசன் ஏறக்குறைய 1.67 இலீற்றர். துடிப்பிலே 25 வீதம் குறைந்தும், ஆற்றலிலே குறைந்தது 13 வீதமே. நோயற்றவரை வைத்துச் செய்த ஆய்வுகளும், உச்ச ஒட்சிசன் அளவிற் பொதுவாக 5 முதல் 15 வீதம் வரையிலான குறைவையே காட்டுகின்றன.

இக்குறைவு ஏற்றத்தில் எவ்வாறு புலப்படும்? 60 கிலோகிராம் எடையை நிலைக்குத்தாக 100 மீற்றர் உயர்த்த வேண்டிய வேலை ஏறக்குறைய 59 கிலோயூல். மனிதவுடல் தான் செலவிடும் சத்தியில் நாலிலொரு பங்களவையே வேலையாக மாற்றவல்லது. எனவே, செலவாகும் சத்தி ஏறக்குறைய 235 கிலோயூல். ஓர் இலீற்றர் ஒட்சிசன் ஏறக்குறைய 20 கிலோயூல் சத்தியை விடுவிக்கும். ஆதலால், இவ்வேற்றத்துக்கு வேண்டும் ஒட்சிசன் 12 இலீற்றர். வாளாவிருக்கும்போது வேண்டுவது நிமிடத்துக்குக் கால் இலீற்றர். சமதரையில் முன்னோக்கி நடப்பதற்கான செலவை இங்குச் சேர்க்கவில்லை.

பத்து நிமிடத்தில் ஏறினால் நிமிடத்துக்கு வேண்டுவது 1.45 இலீற்றர். மருந்தின்றி இது உச்ச எல்லையில் 76 வீதம். மருந்துடன் 87 வீதம். முன்பு இயல்பாக ஏறியவர் இப்போது மூச்சு வாங்குவதன் காரணம் இதுவே. ஆனால், அதே ஏற்றத்தை ஏறக்குறைய 12 நிமிடத்தில் ஏறுவாராயின், பழைய 76 வீத நிலையே அவருக்கு வாய்க்கும். இருபது நிமிடத்தில் ஏறுவாராயின் எல்லையிற் பாதியளவே செலவாகும். மருந்து இவரிடம் கேட்கும் விலை, நூறு மீற்றர் ஏற்றத்துக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம். இவ்விலையைச் செலுத்த மனமின்றிக் குளிசையை எறிந்துவிடுதல் அறிவுடைமையாகாது.

நோயுற்றார்க்கு ஆற்றல் கூடுதல்

மேற்கூறியது நோயற்ற இருதயத்தின் கணக்கு. முடியுரு நாடிகள் ஒடுங்கியமையால் நெஞ்சுநோ உற்றவரிடத்தில் நிலைமை நேர்மாறானது. அவரது நடையை நிறுத்துவது தசையின் களைப்பன்று. நெஞ்சில் எழும் நோவே. துடிப்பின் வேகமும் குருதியமுக்கமும் சேர்ந்து ஒரு குறித்த எல்லையைத் தாண்டும்போது, ஒடுங்கிய நாடி வழியே வரும் ஒட்சிசன் இருதயத் தசைக்குப் போதாமற் போகின்றது. பீற்றாத் தடுப்பி இவ்விரண்டையும் தாழ்த்துவதால் அவ்வெல்லை எளிதில் எட்டப்படுவதில்லை. மேலும், இருதயத் தசை தனக்கு வேண்டிய குருதியைப் பெரும்பாலும் துடிப்புகளுக்கிடைப்பட்ட ஓய்வு வேளையிலேயே பெறுகின்றது. ஓய்வு நீள, ஊட்டமும் மிகும். ஆகவே, முன்பு பாதி ஏற்றத்தில் நெஞ்சைப் பற்றிக்கொண்டு நின்றவர், மருந்துண்ட பின் முழு ஏற்றமும் ஏறுதல் கூடும். ஒருவர்க்கு ஆற்றலைக் குறைக்கும் மருந்து மற்றொருவர்க்கு அதனைக் கூட்டுகின்றது.

இருதயத் தளர்ச்சியின் வரலாறு இதனினும் வியப்புடையது. தளர்ந்த இருதயத்துக்கு இம்மருந்தைக் கொடுத்தல் ஆகாது என்றே மருத்துவ நூல்கள் கற்பித்து வந்தன. 1975இற் சுவீடன் நாட்டுக் கொத்தன்பேர்க் நகர மருத்துவர், சில நோயாளர்க்கு இதனைக் கொடுத்து நன்மை கண்டதாக அறிவித்தனர். பலர் அதனை ஐயுற்றனர். 1999இல் வெளியான இரு பேராய்வுகள், ஒன்று பிசொப்புறலோலைக் கொண்டும் மற்றொன்று மெற்றொப்புறலோலைக் கொண்டும் நடத்தப்பெற்றவை, இறப்பு ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்தமையைக் காட்டின. ஓயாது அதிரினலினால் விரட்டப்படும் தளர்ந்த இருதயம், அவ்விரட்டல் நீங்கியபின் படிப்படியாகத் தேறுகின்றது. இங்கு மிகச் சிறிய அளவிலே தொடங்கி வாரக்கணக்கில் மெல்ல மெல்ல அளவை உயர்த்துவர். தொடக்கத்தில் அயர்வு தோன்றலாம். பலருக்குச் சில வாரங்களில் அது தணிகின்றது.

நெடிய உழைப்பும் தசைகளும்

குறுகிய ஏற்றத்துக்கு இருதயக் கணக்கே போதும். நெடுநேர உழைப்பிலோ, தசைக்கு எரிபொருள் கிட்டும் முறையையும் நோக்குதல் வேண்டும். உடலிலுள்ள கொழுப்பைக் கரைத்துக் குருதியிற் சேர்ப்பதற்கும், தசையிற் சேமித்த கிளைக்கோசனைக் குளுக்கோசாக்கிப் பயன்படுத்துவதற்கும் அதிரினலின் துணைசெய்கின்றது. இருவகை வாங்கிகளையும் தடுக்கும் புரொபிறனலோல் போன்றவை இவ்விரு வழிகளையும் ஒடுக்குகின்றன. உழைக்கும் தசையிலிருந்து வெளிப்படும் பொற்றாசியம் மீண்டும் தசையினுட் புகுவதும் தாமதமாகின்றது. எனவே, நெஞ்சு களைக்குமுன் கால்கள் கனத்து விடுகின்றன. முதலாம் வகையை மட்டும் மிகுதியாகத் தடுப்பவற்றில் இத்தொல்லை குறைவு. நாள் முழுதும் சரிவிலே தொழில் செய்பவரும், பந்தயங்களில் ஓடுபவரும் தம் தொழிலின் இயல்பை வைத்தியரிடம் எடுத்துரைத்தல் இதனாற் பயனுடையது. அதற்கேற்ப வேறு மருந்தைத் தெரிவுசெய்ய அவரால் இயலும். வேறு நோயின்றி உயர் குருதியமுக்கம் மட்டும் உடையார்க்கு வேறு இன மருந்துகள் பல உள.

ஓட்டத்துக்கு இடையூறான இதே மருந்து, அசையாதிருத்தலுக்கு உதவுகின்றது. கைந்நடுக்கத்தையும் படபடப்பையும் தணிப்பதால், துப்பாக்கிச் சுடுதல், வில்வித்தை ஆகிய போட்டிகளில் இது தடைசெய்யப்பட்டுள்ளது. 2008ஆம் ஆண்டுப் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வடகொரிய வீரரொருவர், புரொபிறனலோல் உட்கொண்டமை கண்டறியப்பட்டதால், துப்பாக்கிச் சுடுதலிற் பெற்ற இரு பதக்கங்களையும் இழந்தார்.

ஏறுவார் அறியவேண்டியவை

முதலாவது, நாடியைக் கொண்டு உழைப்பை அளத்தலாகாது. 220இலிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பை மதிப்பிடும் வழக்கு இவர்க்குப் பொருந்தாது. முடியுரு நாடி நோயுடன் பீற்றாத் தடுப்பி உண்பார்க்கென 2004இல் அமெரிக்க ஆய்வாளர் கண்ட சூத்திரம், 164இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழிப்பதாகும். 60 வயதினர்க்குப் பழைய வழக்கு 160 என்னும். இச்சூத்திரமோ 122 என்னும். பழைய எண்ணை எட்டவேண்டுமென்று நெருக்கி உழைப்பவர் தமக்கே தீங்கு தேடுகின்றார். சுவீடன் நாட்டு உளவியலறிஞர் குன்னார் போர்க், உழைப்பின் கடுமையை உழைப்பவரே உணர்ந்து கூறுதற்கென 6 முதல் 20 வரையிலான ஓர் அளவுகோலை வகுத்தார். அதன் எண்ணைப் பத்தாற் பெருக்கினால் நலமுடையார் நாடியின் எண் கிட்டும் என்பது அவர் எண்ணம். மருந்துண்பாரிடத்தில் இப்பெருக்கம் பொய்த்துப்போகின்றது, உணர்வோ பொய்ப்பதில்லை. ஏறும்போது அருகில் வருபவரோடு இடையறாது ஒரு முழு வாக்கியம் பேச முடியுமாயின் நடை அளவானது. சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்குமாயின் நடை மிகையானது. இதனினும் எளிய அளவுகோல் இல்லை.

இரண்டாவது, காலத்தை நீட்டுதல். ஹற்றன் வழியாகச் சென்று நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலை ஏறும் அடியார், ஏறக்குறைய 1,000 மீற்றர் உயரம் ஏறுகின்றனர். மேற்கண்ட கணக்கின்படி அதற்கு வேண்டுவது 120 இலீற்றர் ஒட்சிசன். இரண்டு மணி நேரத்தில் ஏறினால் மருந்துண்பவரின் எல்லையில் ஏறக்குறைய 75 வீதம் செலவாகும். நான்கு மணி நேரத்தில் ஏறினால் 45 வீதமே. மலையின் உயரம் 2,243 மீற்றர். உச்சியிலே காற்றின் அமுக்கம் கடல் மட்டத்திலும் ஏறக்குறைய நாலிலொரு பங்கு குறைவாதலின், இறுதிப் படிகளில் நடையை மேலும் தளர்த்துதல் நன்று. விடியற் குளிரில் மருந்துண்பார் கைகால்கள் எளிதில் விறைக்கும். கம்பளி உடை வேண்டும். இருதய நோயுடையார் இத்தகைய யாத்திரைக்கு முன் வைத்தியரின் இசைவைப் பெறுதல் இன்றியமையாதது.

மூன்றாவது, பயிற்சியைக் கைவிடாமை. மருந்துண்பாரிடத்திலும் ஒழுங்கான நடைப்பயிற்சி ஆற்றலை வளர்க்கும் என்பது ஆய்வுகளாற் பெறப்பட்ட உண்மை. ஏரியைச் சுற்றியுள்ள சமதரைப் பாதை தொடங்குவதற்கு ஏற்றது. ஏற்றங்கள் பின்னர் வரலாம்.

நான்காவது, குளிசையைத் திடீரென நிறுத்தாமை. தடுக்கப்பட்டிருக்கும் காலத்தில் உடல் வாங்கிகளின் தொகையைப் பெருக்கிக்கொள்கின்றது. தடை சடுதியாக நீங்கின், அதிரினலின் முன்னிலும் வேகமாகத் தாக்கும். நெஞ்சுநோ பெருகும், மாரடைப்பும் நேரலாம். நிறுத்தவேண்டுமாயினும் வைத்தியர் வழிநின்று படிப்படியாகவே குறைத்தல் முறை.

ஐந்தாவது, மருந்தின் பொதுப்பெயரை அறிந்துவைத்தல். பேராதனை மருத்துவ பீடத்தின் தலைவராகவும் விளங்கிய பேராசிரியர் சேனக பிபிலே, மருந்துகளை வணிகப் பெயராலன்றிப் பொதுப்பெயரால் வழங்குதல் வேண்டுமென்று வற்புறுத்தியவர். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றக் காரணராயினார். அவர் காட்டிய நெறியால் இங்கு ஒரு பயன் உண்டு. இம்மருந்துகளின் பொதுப்பெயர்கள் பெரும்பாலும் 'லோல்' என்றே முடிவன. உறையில் அவ்வீற்றைக் கண்டவர் தாம் உண்பது எவ்வின மருந்து என்பதை எளிதில் உணர்வர். ஆஸ்துமா என்னும் தொய்வு நோயுடையார்க்கு, சிறப்பாகப் புரொபிறனலோல் போன்றவை, மூச்சுக் குழல்களை இறுக்கும். நீரிழிவுடையார்க்குக் குருதியிற் குளுக்கோசு தாழும்போது தோன்றும் படபடப்பையும் நடுக்கத்தையும் இவை மறைத்துவிடும். வியர்வை பொதுவாக மறைவதில்லை. இந்நோயுடையார் அவற்றை வைத்தியரிடம் முன்னரே கூறுதல் வேண்டும். நெஞ்சுநோ, தலைச்சுற்று, மயக்கம், கால்வீக்கம், படுக்கையில் மூச்சுமுட்டு ஆகியன தோன்றின் அவை மருந்தின் இயல்பான அயர்வல்ல. தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

முடிவுரை

பீற்றாத் தடுப்பி நோயற்ற இருதயத்தின் உச்ச ஆற்றலைச் சிறிது குறைக்கின்றது. நெஞ்சுநோ உற்றவர்க்கு நடையைத் திருப்பித் தருகின்றது. தளர்ந்த இருதயத்துக்கு வாழ்நாளைத் தருகின்றது. இம்மூன்றும் ஒரே செயலின் விளைவுகள். இருதயத்தை அளவுக்கு மேல் விரையவிடாமற் காத்தலே அச்செயல்.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து, நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்து, நோயாளியை முதலில் வைத்தார். வைத்தியர் குளிசையைத் தரலாம். மலைச்சரிவில் இரண்டு நிமிடம் பொறுத்து ஏறுதல் நோயாளியின் கையிலேயே உள்ளது. அதனை உணர்ந்தவர்க்குக் கண்டியின் ஏற்றங்கள் பகையல்ல.